மறுநாள் காலையும் திறக்க வேண்டும்: ஒரு பழைய கேனனெட் பிலிம் கேமராவின் ஷட்டரைச் சரிசெய்த அனுபவம்

இரண்டாவது பிலிம் சுருள் சென்ற வாரம் கோயம்புத்தூரிலிருந்து கழுவி, ஸ்கேன் செய்து வந்து சேர்ந்தது. 36 படங்களில் 34 படங்கள் ஒளி அளவிலும் தெளிவிலும் குறைசொல்ல இடமில்லாமல் இருந்தன. முதல் சுருளில் வந்த செம்மஞ்சள் ஒளிக்கசிவு எந்தப் படத்திலும் இல்லை. ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்த இந்த வேலையில் செய்ததையும், தவறாகச் செய்து திருத்திக்கொண்டதையும் மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

கேமரா என் பெரியப்பாவுடையது. வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் 1979-இல் விடுமுறைக்குப் பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு வந்தபோது கொண்டுவந்த கேனன் கேனனெட் கியூஎல் 17 ஜி-3. இந்த வகையை 1972 முதல் 1982 வரை தயாரித்தார்கள். 40 மில்லிமீட்டர், எஃப் 1.7 லென்ஸ், ஷட்டர் வேகம் நொடியில் நாலில் ஒரு பங்கு முதல் ஐந்நூறில் ஒரு பங்கு வரை, அதோடு பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் 'பி' நிலை. எங்கள் வீட்டுத் திருமணங்கள், காது குத்துகள், சித்தூர்ப் பக்கத்துப் பனைமரங்கள் எல்லாம் இதில்தான் பதிவாயின. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோல் உறைக்குள், இரும்பு பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. தோல் உறை கேமராவைக் காப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்காற்று புகுந்து அடிக்கும் எங்கள் ஊரில் அந்த உறை ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சையை வளர்க்கும் பெட்டியாகத்தான் இருந்திருக்கிறது.

பழுதுபார்ப்பதா, இதே வகையில் வேறொன்று வாங்குவதா என்று முதலில் ஒரு மாதம் தயங்கினேன். இணையத்தில் 'நன்கு இயங்குகிறது' என்ற குறிப்போடு விற்பனைக்கு இருந்தவை எதுவும் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கீழே இல்லை. அவையும் இதே வயதுடையவை, இதே எண்ணெயும் இதே நுரைப்பஞ்சும் உள்ளே கொண்டவை. விற்பவர் ஒருமுறை அழுத்திப் பார்த்துச் சத்தம் வந்தால் இயங்குகிறது என்று எழுதிவிடுவார். பதினைந்தாயிரம் கொடுத்து இன்னொரு கிழவரை வீட்டுக்கு அழைத்து வருவதைவிட, இருக்கும் கிழவருக்கு வைத்தியம் பார்ப்பது மேல் என்று முடிவு செய்தேன்.

நோயறிதலிலேயே முதல் சறுக்கல். பிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுத்தேன்; அது நன்றாகவே நகர்ந்தது. ஆனால் பொத்தான் பாதிக்கு மேல் இறங்க மறுத்தது. ஷட்டர் உள்ளே எங்கோ உடைந்திருக்கிறது என்று நினைத்து, அடித்தகட்டைக் கழற்றிப் பல்சக்கரங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு குறையும் இல்லை. லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவை மாற்றும் துளை வளையம் 'ஏ' என்ற தானியங்கி நிலையில் இருந்ததே காரணம். அந்த நிலையில் ஒளிமானி போதிய ஒளி இல்லை என்று காட்டினால் பொத்தான் பூட்டிக்கொள்ளும். மின்கலமே இல்லாத கேமராவில் ஒளிமானி எதைக் காட்டும்? வளையத்தை எஃப் 8-க்குத் திருப்பியதும் பொத்தான் இறங்கியது, 'டிக்' என்ற சத்தமும் கேட்டது. பின்கதவைத் திறந்து விளக்கை நோக்கிப் பிடித்துப் பார்த்தபோதுதான் உண்மையான பழுது தெரிந்தது: சத்தம் வருகிறது, ஷட்டர் இதழ்கள் அசையவில்லை.

இந்த வகைக் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்கு நடுவே இருக்கிறது. தாளைப் போல மெல்லிய எஃகு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அவற்றை இயக்கும் சுருள்வில்லின் விசை மிகச் சிறியது. இதழ்களுக்கிடையே எண்ணெய்ப் படலம் சிறிதளவு இருந்தாலே போதும், நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதைப் போல அவை ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் எப்படி வந்தது என்பதற்குப் பெரியம்மாவிடம் விடை இருந்தது. வேக வளையம் இறுக்கமாக இருக்கிறதென்று பெரியப்பா ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டாராம். "ரெண்டு சொட்டுத்தான் கண்ணு விட்டாரு, நல்லாத்தான் திரும்புச்சு" என்றார். வளையம் இன்றைக்கும் நன்றாகத்தான் திரும்புகிறது.

லென்ஸின் முன்பகுதியைத் திறக்க இரண்டு கருவிகள் தேவைப்பட்டன. முன்புறத்தில் பெயர் பொறித்த வளையத்தில் திருகோ பள்ளமோ கிடையாது. ரப்பரால் அழுத்தித் திருப்பித்தான் கழற்ற வேண்டும். இதற்கென்று விற்கும் ரப்பர் கருவிக்குப் பதிலாக, இரும்பு நாற்காலியின் காலுக்குப் போடும் ரப்பர் புஷ் ஒன்றை இருபது ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்கு வெர்னியர் காலிப்பரை எடுத்துச் சென்று நாலைந்து புஷ்களை அளந்து பார்த்தது கடைக்காரருக்கு வேடிக்கையாக இருந்தது. புஷ்ஷின் விளிம்பு வளையத்தின்மேல் மட்டும் பட வேண்டும், கண்ணாடியைத் தொடக்கூடாது. அதற்காகவே அந்த அளவெடுப்பு. அழுத்திப் பிடித்து இடப்புறமாகத் திருப்பியதும் மூன்றாவது முயற்சியில் வளையம் கழன்றது.

அடுத்துள்ள முன் லென்ஸ் தொகுதியில் எதிரெதிரே இரண்டு சிறு பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றில் முனைகளைப் பொருத்தித் திருப்புவதற்கு லென்ஸ் ஸ்பேனர் வேண்டும். செலவை மிச்சப்படுத்தலாம் என்று பள்ளிக்காலத்துக் காம்பஸ் ஒன்றின் முனைகளை அரத்தால் தட்டையாக்கி முயன்றேன். காம்பஸின் கால்கள் விசை தாங்காமல் விரிந்தன, ஒரு முனை வழுக்கியது, உலோக வளையத்தில் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. கண்ணாடியில் விழவில்லை என்பது நல்லூழ். மறுநாளே 640 ரூபாய்க்கு எஃகு ஸ்பேனர் வரவழைத்தேன். அது வந்ததும் வேலை அரை நிமிடம். இந்தக் கேமராவில் குவியத்துக்காக லென்ஸ் முழுவதும் ஒன்றாக நகர்வதால், முன் தொகுதியைக் கழற்றி மீண்டும் இறுதிவரை முறுக்கினாலே போதும். முன் கண்ணாடி மட்டும் நகர்ந்து குவியும் கேமராக்களில் கழற்றுவதற்கு முன் நிலையைக் குறித்து வைக்காவிட்டால் அதன்பின் எந்தப் படமும் தெளிவாக வராது.

இதழ்கள் கண்முன்னே வந்தன. வானவில் நிறத்தில் மினுமினுக்கும் எண்ணெய்ப் படலம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. இங்கேதான் இந்த வேலையின் மிகப் பெரிய தவற்றைச் செய்தேன். கைக்கடிகாரக்காரர்கள் பெட்ரோலில் கழுவுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், பைக்கிலிருந்து அரைத் தம்ளர் பெட்ரோலை எடுத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தோய்த்து இதழ்களில் தடவினேன். நாலைந்து முறை தடவி, நெம்புகோலை இழுத்து, பொத்தானை அழுத்தியதும் இதழ்கள் படீரென்று திறந்து மூடின. அந்த மாலை ஐம்பது முறையாவது அழுத்திப் பார்த்திருப்பேன். வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றிரவே லென்ஸைப் பூட்டி, வளையத்தையும் முறுக்கி, வேலை முடிந்ததென்று படுத்துவிட்டேன்.

காலையில் எடுத்து அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். இதழ்கள் பழையபடி ஒட்டிக்கொண்டிருந்தன.

கடைவீதியில் முப்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டு போனேன். கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிப் பார்த்துவிட்டு, "பங்க் பெட்ரோலா போட்டீங்க? அது காஞ்சாலும் பிசுக்கு நிக்குமுங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல என்னென்னமோ கலக்கறாங்க" என்றார். வண்டிக்கான பெட்ரோலில் இப்போது எத்தனாலும் வேறு சேர்மங்களும் கலந்திருக்கின்றன. ஆவியாகும் பகுதி போன பிறகு எஞ்சுவது இதழ்களின்மேல் தங்குகிறது. தவிர, பெட்ரோல் எண்ணெயைக் கரைத்ததே தவிர வெளியேற்றவில்லை; கரைந்த எண்ணெய் ஓரங்களுக்கு ஓடி, இரவில் மீண்டும் நடுவே ஊர்ந்து வந்துவிட்டது. சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தைப் பயன்படுத்தும்படி சொன்ன அவரே, "ஒரு தடவையில முடியாதுங்க, மூணு ராத்திரி ஆகும்" என்றும் சொன்னார். அவர் கணக்கு அச்சாகப் பலித்தது.

லைட்டர் திரவம் இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. இணையத்தில் 480 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கினேன். இந்த முறை செய்தது இதுதான். கேமராவை லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி வைக்காமல், சாய்த்துப் பிடித்து, கண்ணாடிச் சொட்டுக்குழாயால் இதழ்களின்மேல் இரண்டு சொட்டு மட்டும் விட்டு, ஷட்டரை முப்பது முறை இயக்கி, நூல் உதிராத துணியின் முனையால் ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை, தேய்த்தால் இதழ் வளையும். துணியில் படும் மஞ்சள் கறை நிற்கும்வரை இதை ஏழு எட்டு முறை செய்தேன். ஒளியுணரி அருகிலேயே இருப்பதால் அதன் பக்கம் திரவம் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரவம் எளிதில் தீப்பற்றும். அடுப்பு இல்லாத முன்திண்ணையில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்துதான் செய்தேன். பிறகு லென்ஸைப் பூட்டாமல், கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணத்தின்கீழ் இரவு முழுவதும் விட்டுவைத்தேன்.

ஷட்டர் எவ்வளவு சரியாகத் திறக்கிறது என்பதை அளக்கக் கைபேசியே போதுமானதாக இருந்தது. நொடிக்கு 240 பிரேம்கள் எடுக்கும் மெதுவியக்க நிலையில், பின்கதவு வழியாக ஷட்டரைப் படம்பிடித்து, விளக்கொளி தெரியும் பிரேம்களை எண்ணினேன். நாலில் ஒரு பங்கு நொடிக்கு 60 பிரேம்கள் வர வேண்டும், எட்டில் ஒரு பங்குக்கு 30, முப்பதில் ஒரு பங்குக்கு 8. முதல் கழுவலுக்கு மறுநாள் காலை நாலில் ஒரு பங்கு வேகத்தில் 97 பிரேம்கள் வந்தன, அதாவது 0.4 நொடி. இரண்டாவது காலை 71. மூன்றாவது காலை 63. அதன் பிறகு ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்து எடுத்தபோதும் 63 தான். அறுபதுக்கு அறுபத்துமூன்று என்பது கலர் நெகட்டிவ் பிலிமில் கண்ணுக்கே தெரியாத வேறுபாடு. அறுபதில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வேகங்களை இந்த முறையில் நம்பி அளக்க இயலாது. 250-இல் ஒரு பங்கு நொடி ஒரே பிரேமில் முடிந்துவிடும். அவற்றைப் பிலிமிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கழற்றி வைத்திருந்த முன் தொகுதியின் பின்புறக் கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாளால் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுழற்றித் துடைத்ததில் பெரும்பகுதி போய்விட்டது. ஒரு ஓரத்தில் மட்டும் பூச்சை அரித்த தடம் நிற்கிறது. அது படங்களில் தெரியவில்லை. ஆகவே அதை மேலும் தேய்க்கவில்லை.

மின்கல அறையில் பச்சைப் படிவு இருந்தது. வினிகரில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் கழுவி, தொடுமுனையை மெல்லிய உப்புத்தாளால் இரண்டே இழுப்பு இழுத்ததும் உலோகம் பளிச்சிட்டது. அங்கிருந்து உள்ளே போகும் கம்பியின் நுனி பச்சைப் பொடியாகி இருந்ததால், அதை ஒரு சென்டிமீட்டர் வெட்டி 25 வாட் சால்டரிங் அயனால் மீண்டும் பற்றவைத்தேன். அடித்தகட்டைக் கழற்றி வீணாக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமையின் பழக்கம் இங்கே உதவியது.

இந்தக் கேமராவுக்கு உரிய மின்கலம் 1.35 வோல்ட் பாதரசக் கலம். அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் கலம் 1.5 வோல்ட் தருவதால், ஒளிமானி உள்ளதைவிட அதிக ஒளி இருப்பதாக எண்ணிக்கொண்டு துளையைச் சுருக்கிவிடும். படம் இருண்டு போகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக-காற்றுக் கலம் ஏறத்தாழ 1.4 வோல்ட் தருகிறது. ஆறு கலங்கள் கொண்ட அட்டை மருந்துக்கடையில் 210 ரூபாய். அதன் விட்டம் 11.6 மில்லிமீட்டர், பழைய கலத்தின் விட்டமோ கிட்டத்தட்ட 16. நடுவில் நிற்க 10 ரூபாய் ரப்பர் வளையம் ஒன்றைச் சுற்றினேன். தடிமனிலும் 0.8 மில்லிமீட்டர் குறைவதால் அலுமினியத் தாளை நான்காக மடித்து அடியில் வைத்தேன். கலத்தின் ஒட்டுத்தாளை உரித்த பின் காற்று உள்ளே போக ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். இதை அறியாமல் உடனே போட்டு, சோதனை விளக்கு எரியவில்லையே என்று ஒரு நல்ல கலத்தை எறிந்துவிட்டேன். இரண்டு வகைக் கலங்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, வெள்ளையடித்த ஒரே சுவரை ஒரே வேகத்தில் பார்த்ததில், துத்தநாக-காற்றுக் கலத்தில் எஃப் 8-ஐக் காட்டிய முள் அல்கலைனில் எஃப் 11-க்குச் சற்று முன்னே நின்றது. துத்தநாக-காற்றுக் கலம் உரித்த நாளிலிருந்தே தேயத் தொடங்கும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்கள் முதல் இரண்டொரு மாதம்தான் வரும். வேலைக்குப் போகாமலே வயதாகும் கலம்.

ஒளி புகாமல் தடுக்கப் பின்கதவுப் பள்ளங்களில் வைத்திருந்த நுரைப்பஞ்சு தார் போலாகிவிட்டிருந்தது. இதைச் சுரண்ட உலோகம் கூடாது. தென்னை ஈர்க்குச்சியின் நுனியைச் சீவி, ஆல்கஹாலில் நனைத்துச் சுரண்டினேன். வளையவும் செய்யும், கீறவும் கீறாது, எத்தனை உடைந்தாலும் கொல்லையில் இன்னும் கிடைக்கும். இரண்டு மணி நேரமும் இருபதுக்கும் மேற்பட்ட குச்சிகளும் ஆயின. பள்ளத்தில் முதலில் கறுப்பு வெல்வெட்டுத் துணியை வெட்டி ஒட்டினேன். தடிமன் அதிகமாகிக் கதவு பூட்டிக்கொள்ள மறுத்தது. அதைப் பிய்த்தெடுப்பதற்குள் பசையும் பள்ளத்தில் பரவிவிட்டது. பிறகு தையல் கடையில் 35 ரூபாய்க்குக் கறுப்பு உல்லன் நூல்கண்டு வாங்கி, ஓர் இழையைப் பசையில்லாமலேயே ஈர்க்குச்சியால் பள்ளத்துக்குள் அழுத்திச் செருகினேன். அது இன்றுவரை அப்படியே இருக்கிறது.

பிலிம் போடுமுன் குவியத்தைச் சோதித்தேன். சிறு கண்ணாடித் துண்டில் பட்டர் பேப்பரை ஒட்டி, பிலிம் படியும் தண்டவாளத்தின்மேல் வைத்து, ஷட்டரை 'பி'-யில் வைத்து, பொத்தானில் மாட்டும் கேபிள் ரிலீஸால் திறந்தபடியே நிறுத்தினேன். மொட்டைமாடியிலிருந்து தெற்கே நெல்லியாம்பதி மலைவிளிம்பு தெரியும். எங்கள் ஊரில் 'முடிவிலி' என்றால் அதுதான். கடிகாரக்கார அண்ணனிடம் இரவல் வாங்கிய உருப்பெருக்கியால் பார்த்தபோது மலைவிளிம்பு முடிவிலிக் குறியில் கூர்மையாக விழுந்தது. டேப் வைத்து அளந்த ஒரு மீட்டரிலும் சரியாகவே இருந்தது. இரண்டு பிம்பங்களை ஒன்றாக இணைத்துக் குவியம் பார்க்க உதவும் தூரமானியின் இரட்டைப் பிம்பம் மட்டும் மேலும் கீழுமாக மயிரிழை விலகி நிற்கிறது. அதைத் திருத்த மேல்தகட்டைக் கழற்ற வேண்டும். கிடைமட்டத்தில் சரியாக இணைவதால் குவியம் கெடவில்லை, ஆகவே துணியவில்லை.

முதல் சுருளை 200 ஏஎஸ்ஏ ஒளியுணர்திறன் கொண்ட பிலிமில் இரண்டு வாரத்தில் எடுத்து முடித்தேன். படங்கள் வந்தபோது ஒளி அளவில் குறையில்லை, ஆனால் பதினொரு படங்களின் இடது ஓரத்தில் செம்மஞ்சள் பட்டை. இடதுபுறம் என்றதும் கேமராவின் இடது ஓரத்தில், சுருளைப் போடும் பக்கம்தான் ஓட்டை என்று எண்ணி, அங்கே உல்லன் நூலை இன்னொரு சுற்றுச் செருகினேன். அப்படியே இரண்டாவது சுருளையும் போட்டிருந்தால் இன்னும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போயிருக்கும். அன்றிரவு பட்டர் பேப்பர் சோதனையை நினைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் பிலிமில் விழவைக்கிறது. படத்தின் இடது ஓரம் என்பது, பின்னாலிருந்து பார்க்கும்போது, பிலிமில் ஒளி விழும் சட்டமான பிலிம் வாயிலின் வலது ஓரம். அங்கே இருப்பது கதவின் கீல். கீல் பக்கத்துப் பழைய பஞ்சைச் சுரண்டிவிட்டு அங்கே புதிதாக எதையும் வைக்காமல் விட்டிருந்தேன். 30 ரூபாய்க்குக் கறுப்பு ஃபெல்ட் துணி வாங்கி, 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி ஒட்டினேன். வெளிச்சம் அதிகமுள்ள நடுப்பகலில் கேமராவை வெயிலில் வைத்து வைத்து எடுத்த இரண்டாவது சுருளில் கசிவே இல்லை. கெட்ட இரண்டு படங்களும் நான் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தவை.

கருவி, திரவம், துணி, கலம் எல்லாம் சேர்த்து 1,585 ரூபாய். இதில் 160 ரூபாய் ஆல்கஹாலுக்கு. இரண்டு பிலிம் சுருள்கள் 2,100, கழுவி ஸ்கேன் செய்தது 900. ஆக மொத்தம் 4,585. வெல்வெட்டையும் பெட்ரோலையும் எறிந்த கலத்தையும் தனியாகக் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையான செலவு நாட்கள்தான்: ஒவ்வொரு கழுவலுக்கும் ஓர் இரவு காத்திருக்க வேண்டியிருக்கிறது, நான் காத்திருக்காத அந்த ஒரே இரவால் வேலை பத்து நாள் தள்ளிப்போனது.

மீண்டும் செய்ய நேர்ந்தால் சிலவற்றை மாற்றிக்கொள்வேன். ஸ்பேனரை முதலிலேயே வாங்குவேன். அடித்தகட்டைத் தொடுவதற்கு முன் துளை வளையம் 'ஏ'-யில் இருக்கிறதா என்று பார்ப்பேன். வேலையைக் கோடையிலேயே முடிப்பேன்; ஜூனில் மழை பிடித்த பிறகு திறந்து வைத்த லென்ஸுக்குள் ஈரம் போகுமே என்று கவலைப்பட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சுற்றிலும் அடுக்க வேண்டியதாயிற்று. முதல் சோதனைக்கு 36 படச் சுருளை வாங்காமல், கதவின் நான்கு ஓரங்களையும் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிலிமே போடுவேன்.

இப்போது கேமரா தோல் உறையில் இல்லை. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது. மாதப் பிறப்பன்று காலையில் எடுத்து, நாலில் ஒரு பங்கு வேகத்தில் அழுத்தி, பிரேம்களை எண்ணிக் காலண்டர் ஓரத்தில் எழுதுகிறேன். ஆவணி முதல் நாள் 62.